ஹோதோர்ன் ஆலையிற் கேட்கப்பட்ட குரல்கள்

முகாமைத்துவத்தையோ சமூகவியலையோ பயிலத் தொடங்கும் மாணவர் ஹோதோர்ன் என்னும் பெயரை முதலாண்டிலேயே எதிர்கொள்வர். பாடநூல்கள் கூறும் கதை சுருக்கமானது. அமெரிக்கத் தொழிற்சாலையொன்றில் விளக்கொளியைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடிற்று. ஒளியைக் குறைத்தார்கள், அப்பொழுதும் உற்பத்தி கூடிற்று. ஆகவே தொழிலாளியை ஊக்குவிப்பது ஒளியுமன்று, ஊதியமுமன்று. தன்னை ஒருவர் கவனிக்கின்றார் என்னும் உணர்வே என்பது முடிபு. கதை மனத்தில் எளிதிற் பதிவது; பரீட்சை விடைத்தாளில் எழுதுதற்கும் வசதியானது. ஆயின், 1924 தொடக்கம் 1933 வரை அவ்வாலையில் நிகழ்ந்தவற்றை அடுத்தடுத்து வைத்து நோக்குமிடத்து வேறொரு வினா மேலெழுகின்றது. வேலைத்தலத்தின் வழக்காறுகளையும் அங்குள்ளோரின் மனநிலையையும் ஆராய்ந்தறிதல் தொழிலாளரின் நலனுக்கும் ஆலையின் வினைத்திறனுக்கும் ஒருங்கே உதவும் என்னும் நம்பிக்கை பெருமளவுக்கு அங்கேதான் உருப்பெற்றது. அவ்வாறு அறியப்பட்டவை யாருக்கு உரியனவாயின, அவற்றைக் கொண்டு யார் எதனைச் செய்தனர் என்பதே அவ்வினா.

சிக்காகோ நகரின் மேற்கெல்லையை அடுத்த சிசரோவில் 1905ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய ஹோதோர்ன் ஆலை, வெஸ்ரேண் எலக்ரிக் கொம்பனிக்கு உரியது. பெல் தொலைபேசி நிறுவனங்களுக்கு வேண்டிய கருவிகளை அது செய்தளித்தது. 1920களின் இறுதியில் 40,000க்கு மேற்பட்டோர் அங்கு வேலை செய்தனர். போலந்து, பொஹீமியா, இத்தாலி முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தோர் அவர்களுட் பலர். கொடுமைக்குப் பெயர்பெற்ற கொம்பனியன்று அது. ஓய்வூதியம், வைத்தியசாலை, மாலை வகுப்புக்கள், விளையாட்டுக் கழகம், ஆண்டுதோறும் உல்லாசப் பயணம் என நலனோம்பல் ஏற்பாடுகள் நிறைந்திருந்தன. 1915 ஜூலை 24ஆம் நாள் அத்தகைய பயணமொன்றுக்காகத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் ஏறியிருந்த ஈஸ்ற்லான்ட் என்னும் கப்பல், சிக்காகோ ஆற்றிற் கரையை விட்டு நீங்குமுன்னரே கவிழ்ந்து 844 பேர் மாண்டனர். அவ்வயலிலே பல வீடுகள் ஒரே நாளில் இழவு வீடுகளாயின. ஆலையும் அயலும் ஒரே சமுதாயமாகப் பிணைந்திருந்தமைக்கு இத்துயர நிகழ்வே சான்று. ஆயினும், சுயாதீனமான தொழிற்சங்கத்துக்கு அச்சமுதாயத்தில் இடமிருக்கவில்லை. நலன் என்பது கொம்பனி மனமுவந்து அளிப்பது. தொழிலாளர் கூடிக் கேட்டுப் பெறுவதன்று. பின்னர் நடந்த ஆய்வுகளை விளங்கிக்கொள்வதற்கு இந்நிலைமை மனத்திற் கொள்ளத்தக்கது.

தொழிலாளியின் உடலை ஆராயும் வழக்கம் அதற்கு முன்னரே தோன்றிவிட்டது. பிரெடெரிக் ரெயிலர் தமது விஞ்ஞான முகாமைத்துவக் கோட்பாட்டை 1911இல் நூலாக வெளியிட்டார். நிறுத்தற் கடிகாரங் கொண்டு ஒவ்வோர் அசைவையும் அளந்து, வீணான அசைவுகளைக் களைந்து, கூலியை உற்பத்தியோடு பிணைத்தல் அவர்தம் வழி. பிரித்தானியாவில் முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1915இல் அமைக்கப்பட்ட போர்த்தளவாடத் தொழிலாளர் சுகாதாரக் குழு, நீண்ட வேலைநேரம் உற்பத்தியைப் பெருக்காது குறைக்கின்றது என்பதை ஆலைக் கணக்குகளிலிருந்தே எடுத்துக்காட்டிற்று. இவ்விரு வழிகளும் தொழிலாளியைக் களைப்படையும் உடலாகவே கொண்டன. அவ்வுடலுக்குள் ஒரு மனமும், அம்மனத்தைச் சூழ ஒரு கூட்டமும் உண்டென்பது ஹோதோர்னில் ஏறத்தாழத் தற்செயலாகவே தட்டுப்பட்டது.

1924இல் தொடங்கிய ஒளியூட்டற் பரிசோதனைகளுக்குத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் பொறுப்பாயிருந்தது. மின்விளக்கு விற்பனையில் நாட்டங்கொண்ட கைத்தொழிலாளரின் ஆதரவும் அவற்றுக்கு இருந்தது. நல்ல ஒளி நல்ல உற்பத்தியைத் தரும் என்பதை நிறுவ முயன்றோருக்குக் கிடைத்தது குழப்பமே. ஒளி மாற்றப்பட்ட பிரிவிலும் மாற்றப்படாத பிரிவிலும் உற்பத்தி ஒருமித்து உயர்ந்தது. ஒரு பரிசோதனையில் மனமுவந்து முன்வந்த இரு பெண்கள், ஒளி நிலவொளியின் அளவுக்குக் குறைக்கப்பட்ட பின்பும் தம் வேலையைக் குறைவின்றிச் செய்தனர். இன்னொன்று இன்னுஞ் சுவையானது. மின்விளக்குகளைக் கழற்றி, அதே வலுவுள்ள வேறு விளக்குகளை மாட்டினார்கள். ஒளி கூட்டப்பட்டது என எண்ணிய பெண்கள், இப்பொழுது நன்றாயிருக்கின்றது என்றனராம். எதுவும் மாறவில்லை, மாறியதாக எண்ணியோர் திருப்தியுற்றனர். இச்சிறு நிகழ்ச்சி ஒரு வேடிக்கையாகவே ஏடுகளிற் பதிவாகியுள்ளது. ஆயினும் ஹோதோர்ன் ஆய்வுகளின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இதுவே முன்னறிகுறி போலும்.

பரிசோதனைகளின் முழு அறிக்கை வெளியிடப்படவேயில்லை. கூடினாலும் உயர்வு, குறைந்தாலும் உயர்வு என்னும் பாடநூற் கதை பெரும்பாலும் வாய்வழி மரபாக வளர்ந்தது. அழிந்துபோயின எனக் கருதப்பட்ட மூல எண்களைத் தேடியெடுத்து 2011இல் மீளக் கணித்த லெவிற், லிஸ்ற் என்னும் பொருளியலாளர் இருவர், அக்கதைக்கு உறுதியான ஆதாரம் அவற்றில் இல்லையெனக் கண்டனர்.

ஒளியின் குழப்பத்தைத் தெளிவிக்கும் பொருட்டு, ஆலை அதிகாரியான ஜோர்ஜ் பெனொக்கும் அவருடைய உதவியாளரும் 1927 ஏப்ரிலில் வேறொரு பரிசோதனையைத் தொடக்கினர். ரிலே எனப்படும் சிறு கருவியைப் பொருத்தும் பெண்கள் ஐவரும், அவர்களுக்கு உறுப்புக்களை எடுத்துக்கொடுக்கும் ஒருவரும் தனியறையொன்றுக்கு மாற்றப்பட்டனர். ஏறத்தாழ 35 உறுப்புக்களைக் கையாற் பொருத்தி ஒரு ரிலேயை முடிக்க ஒரு நிமிடமளவே செல்லும். முடிந்த ரிலேயைப் பீலிபோன்ற வழியொன்றிற் போட்டவுடன் ஓடும் தாள்நாடாவில் ஒரு துளை விழும். இவ்வாறு ஒவ்வொருத்தியின் ஒவ்வொரு நிமிட உழைப்பும் ஆண்டுக்கணக்கிற் பதிவாயிற்று. அறைக்கு வருமுன்னரே இரு வாரம், அவர்களுக்குத் தெரியாமலே, அவர்களின் உற்பத்தி குறித்துக்கொள்ளப்பட்டது. பின்னர் அவர்களின் உறக்கம், உணவு, வீட்டு நிலைமை யாவும் விசாரிக்கப்பட்டன. மாதந்தோறும் வைத்தியப் பரிசோதனை நடந்தது. அதனைப் பெண்கள் வெறுத்தனர். வெறுப்பைத் தணிக்கப் பரிசோதனையின் பின் தேநீரும் கேக்கும் ஐஸ்கிறீமும் வழங்கப்பட்டன.

முதலில், நூற்றுக்கு மேற்பட்டோரின் மொத்த உற்பத்திக்கேற்ப வகுக்கப்பட்டிருந்த கூலி, இச்சிறு குழுவின் உற்பத்திக்கேற்ப மாற்றப்பட்டது. அதாவது, ஒருத்தி கூடுதலாகச் செய்தால் அதன் பயன் அவள் கைக்கே பெரிதும் வந்தது. அதன்மேல் ஐந்து நிமிட ஓய்வு, பத்து நிமிட ஓய்வு, காலைச் சிற்றுண்டியுடன் ஓய்வு, அரைமணி முன்னரே வேலை முடிவு, சனிக்கிழமை விடுமுறை எனக் கட்டங்கட்டமாக மாற்றங்கள் புகுத்தப்பட்டன. ஆறு முறை ஐந்து நிமிடம் ஓய்வு தந்தபோது மட்டும் வேலையின் ஓட்டம் தடைப்படுவதாகப் பெண்கள் முறையிட்டனர். ஏனைய கட்டங்களிற் பெரும்பாலும் உற்பத்தி ஏறிற்று. 1928இன் பிற்பகுதியில், பன்னிரண்டாங் கட்டத்தில், எல்லாச் சலுகைகளும் பன்னிரு வாரங்களுக்கு மீளப்பெறப்பட்டு, ஓய்வற்ற முழுவாரம் திரும்பவும் வந்தது. வாரத்தின் மொத்த உற்பத்தி அப்பொழுதும் வீழ்ந்திலது. முழுக்காலத்தையும் நோக்கின் ஏறத்தாழ 30 வீதம் உயர்வு. இவ்வுயர்வுக்குக் காரணந் தேடுங்கால், பெண்களிடையே வளர்ந்த தோழமை, பரிவுள்ள மேற்பார்வை, பேசிச் சிரித்து வேலை செய்யும் உரிமை ஆகியவை முன்வைக்கப்பட்டன. 1926 முதல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றி வந்த அவுஸ்திரேலியரான எல்ரன் மேயோ 1928 ஏப்ரிலில் முதன்முறையாக ஆலைக்கு வந்தார். அவ்விளக்கத்துக்கு உலகப்புகழ் தேடிக்கொடுத்தவர் அவரே.

பரிவுள்ள மேற்பார்வை என்பது முழு உண்மையன்று. மேயோ வருவதற்கு மூன்று மாதங்களின் முன்னர், 1928 ஜனவரியில், முதலிற் சேர்ந்த பெண்களுள் இருவர் அறையிலிருந்து நீக்கப்பட்டனர். வேலைநேரத்திற் பேசுகின்றனர், ஒத்துழைக்கின்றிலர் என்பன அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். எந்தப் பேச்சுரிமை உற்பத்தி உயர்வுக்குக் காரணமெனப் பின்னர் போற்றப்பட்டதோ, அதன்பொருட்டே அவ்விருவரும் வெளியேற்றப்பட்டனர். அவர்களின் இடத்துக்கு வந்த இருவரும் விரைந்து வேலை செய்வோர். அவருள் ஒருத்தி, தாயை இழந்து, குடும்பத்தின் வருமானச் சுமையைத் தாங்கியவள். கூலி அவளுக்கு இன்றியமையாதது. குழுவின் தலைமை விரைவிலேயே அவளுடையதாயிற்று. தளர்வோரை அவளே ஊக்கியும் கடிந்தும் வேலைவாங்கினாள். பரிவு ஒருபுறமிருக்க, தேவையும் அச்சமும் அவ்வறையில் இருந்தன. 1967இல் அலெக்ஸ் கேரி என்னும் அவுஸ்திரேலிய உளவியலாளர் இவற்றை எடுத்துக்காட்டி ஆய்வாளரின் முடிபை மறுத்தார். 1978இற் பிராங்கே, கோல் இருவரும் புள்ளிவிபர முறையாற் கணித்து, ஆள்மாற்றத்தால் வலியுறுத்தப்பட்ட ஒழுங்கும், பொருளாதார மந்தமும், ஓய்வுநேரமுமே உற்பத்தி வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்குமென்றனர்.

கூலியின் பங்கு யாதெனத் துணிவதற்கு ஆய்வாளர்களே வேறொரு பரிசோதனை நடத்தினர். வேறு ஐந்து பெண்களுக்குக் கூலிமுறை மட்டும் மாற்றப்பட்டது. தனியறையோ ஓய்வோ கொடுக்கப்படவில்லை. ஒன்பது வாரத்தில் உற்பத்தி 12.6 வீதம் உயர்ந்தது. பிரிவிலிருந்த மற்றையோர் தமக்கும் அக்கூலிமுறை வேண்டுமென முணுமுணுத்தமையாற் பரிசோதனை நிறுத்தப்பட்டது. பழைய முறை வந்ததும் உற்பத்தி 16 வீதம் வீழ்ந்தது. இவ்வளவு தெளிவான எண்கள் ஹோதோர்ன் ஆய்வுகளில் வேறெங்கும் கிடைத்தில. ஆயினும் கூலி முதன்மையான காரணமன்று என்ற முடிபே நூலில் ஏறிற்று. அதற்கான காரணம் ஆய்வுமுறையில் மட்டும் தங்கியிருந்தது என நம்புவது கடினம். தோழமை செலவற்றது; கூலியுயர்வோ கொம்பனியின் கணக்கேட்டிற் பதியப்படுவது.

ரிலே அறையிலிருந்து கிடைத்த பாடம் மேற்பார்வை பற்றியதென எண்ணிய முகாமையினர், தொழிலாளர் தம் மேற்பார்வையாளரைப் பற்றி யாது கருதுகின்றனர் என்பதை அவர்களிடமே கேட்கத் துணிந்தனர். அக்காலத்தில் இது துணிவான செயல் என்பதை மறுத்தலாகாது. 1928 செப்டெம்பரில் பரிசோதனைப் பிரிவில் 1,600 பேருடன் தொடங்கிய நேர்காணல், 1929இல் 10,300 பேரையும், 1930இல் 9,226 பேரையும் சென்றடைந்தது. ஆக 21,126 பேர். தொழிலாளர் வாக்கை இவ்வளவு பெருந்தொகையாக எந்த ஆலையும் அதற்குமுன் கேட்டதில்லை.

முதலில், வேலை எப்படி, மேற்பார்வையாளர் எப்படி, சுற்றாடல் எப்படி எனக் கேள்விகள் நிரையாகக் கேட்கப்பட்டன. மக்கள் அவற்றுக்கு விடைகூறிவிட்டுத் தமக்கு வேண்டியதைப் பேசத் தலைப்பட்டனர். ஆகவே 1929இன் நடுப்பகுதியில் முறை மாற்றப்பட்டது. நேர்காண்பவர் கேள்வி கேளார், வாதியார், அறிவுரை கூறார், பேசுபவர் எங்கு செல்கின்றாரோ அங்கு தாமும் பின்செல்வார். அரைமணி நேர்காணல் ஒன்றரை மணியாக நீண்டது. மலசலகூடம், அணியறைப் பெட்டி, புகை, குளிர், கூலி, கடன், பிள்ளையின் நோய், இறந்த தாய் என யாவும் பேச்சில் வந்தன. சமூக ஆய்வுமுறையின் வரலாற்றில் இது பெரியதொரு திருப்பம். பிற்காலத்தில் களஆய்விற் கேட்கும் கலையைப் பயின்றோர் யாவரும், அறிந்தோ அறியாமலோ, அந்த நேர்காண்பவர்களுக்குக் கடன்பட்டவர்களே.

ஆனாற் கேட்டதை என்ன செய்வது? குறைகள் சில ஆலை அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டுத் திருத்தப்பட்டன. மேற்பார்வையாளர் பயிற்சிக்கும் நேர்காணற் குறிப்புக்கள், பெயர் நீக்கப்பட்டு, பயன்பட்டன. தம் சொற்கள் கேட்கப்படுகின்றன என அறிந்த மேற்பார்வையாளர் சிலர் தம் போக்கை மாற்றிக்கொண்டதும் உண்மை. எனினும், ஆய்வாளரின் நாட்டம் மெல்ல மெல்ல வேறு திசையிற் சென்றது. ஒரு பெண் ஆலைச் சிற்றுண்டிச்சாலையின் உணவைப் பற்றி நீண்டநேரம் குறைகூறினாள். சில நாட்களின் பின் நேர்கண்டவரைச் சந்தித்து, முறைப்பாட்டை மேலிடத்துக்குத் தெரிவித்து இவ்வளவு விரைவாகத் திருத்தம் பெற்றுத்தந்தமைக்கு நன்றி கூறினாள். உணவில் எத்தகைய மாற்றமும் செய்யப்பட்டிருக்கவில்லை. இதனை மேயோ பேசுதலின் குணப்படுத்தும் ஆற்றலுக்கு உதாரணமாகக் காட்டினார். தன் மேற்பார்வையாளரை வெறுத்த இன்னொருத்தி, அவர் தான் வெறுத்த மாற்றாந்தந்தையை ஒத்திருந்தமையாலேயே அவ்வாறு வெறுத்ததைப் பேசும்போது உணர்ந்தாள் என்பதும் அவர் கூறும் கதை. இவ்வாறான நிகழ்ச்சிகள் பொய்யென ஒதுக்கத்தக்கனவல்ல; மனம் அவ்வாறு இயங்குவதுண்டு. ஆயின், குறை என்பது எதனைப் பற்றியது என்னும் கேள்வியை விடுத்து, குறைகூறுபவரின் உள்ளம் எத்தகையது என்னும் கேள்வியை அவ்விடத்தில் அமர்த்திய பின்னர், உணவு நல்லதா கெட்டதா என்று பார்க்க வேண்டியவர் எவருமில்லை. விளக்கின் வலு மாறாமலே ஒளி கூடிற்று என்று சொன்ன பெண்களை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

தனிமனிதரின் உள்ளத்தை மட்டும் துருவினாற் போதாது என உணர்ந்தோரும் ஆய்வாளரிடையே இருந்தனர். அவுஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே களஆய்வு செய்து மீண்டிருந்த மானிடவியலாளர் லொயிட் வோணரின் தூண்டுதலால், ஆலையின் ஒரு சிறு கூட்டத்தைப் பழங்குடிக் கிராமமொன்றை நோக்குவதுபோல் நோக்கும் முயற்சி 1931 நவெம்பரில் தொடங்கிற்று. தொலைபேசி இணைப்பகங்களுக்குரிய முனையடுக்குகளிற் கம்பி இணைக்கும் ஒன்பதின்மர், ஈயம்பற்றவைக்கும் மூவர், சோதகர் இருவர், ஆகப் பதினான்கு ஆண்கள் தனியறையில் வேலை செய்தனர். நோக்குநர் ஒருவர் மூலையில் இருந்து குறிப்பெழுதினார். இம்முறை எந்தச் சலுகையும் புகுத்தப்படவில்லை. உள்ளதை உள்ளவாறு காண்பதே நோக்கம்.

அவர் கண்டது ஒரு சட்டம். எங்கும் எழுதப்படாத சட்டம். கொம்பனி எதிர்பார்த்தது நாளொன்றுக்கு 7,312 இணைப்பு. தொழிலாளர் நியாயமெனக் கொண்டது நாளொன்றுக்கு இரண்டு கருவி, அதாவது 6,000 முதல் 6,600 வரையான இணைப்பு. அதற்குமேற் செய்பவன் கூலிவீதத்தைக் கெடுப்பவன். மிகக் குறையச் செய்பவன் பிறர் உழைப்பைச் சுரண்டுபவன். தோழனுக்குத் தீங்குவரும்படி மேலிடத்திற் சொல்பவன் காட்டிக்கொடுப்பவன். வரம்பு மீறுவோனின் மேற்கையில் ஒரு குத்து விழும். குத்துப்பட்டவன் திருப்பிக் குத்தலாம். அத்தோடு கணக்குத் தீரும். பிற்பகலில் வேலையை மெதுவாக்கி, ஒரு நாள் கூடச் செய்ததை மறுநாட் கணக்கிற் காட்டிச் சமப்படுத்துவர். விதிக்கு மாறாக வேலைகளைத் தமக்குள் மாற்றிக்கொள்வர். அறையின் முன்புறத்தாருக்கும் பின்புறத்தாருக்கும் யன்னலைத் திறப்பது பற்றி ஓயாத பூசல். ஆயினும் மேலிடத்துக்கு எதிரே எல்லாரும் ஒருவரே. மேற்பார்வையாளருக்கு இவையாவும் தெரியும். அவரும் கண்டுங் காணாதிருந்தார். வேலைத்தலத்தின் பண்பாடு என இன்று வழங்கும் சொற்றொடருக்கு இதனிலும் நிறைவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இச்சட்டத்துக்குக் காரணம் யாது? தொழிலாளரைக் கேட்டபோது அவர்கள் மறைக்கவில்லை. கூடச் செய்தாற் கூலிவீதத்தைக் குறைப்பர். அல்லது சிலரை நீக்குவர் என்றனர். ஆனால் அவ்வாறு வீதங்குறைக்கப்பட்ட அனுபவம் அவருள் எவருக்கும் இல்லையென்பதைச் சுட்டிய ஆய்வாளர், அவ்வச்சம் தருக்கத்துக்கு அமைந்ததன்று, கூட்டத்தின் உணர்ச்சியைக் காக்கும் பாவனையே என்றனர். இம்முடிபு எழுதப்பட்ட ஆண்டுகளை மறந்து படிப்போருக்கு அது நுட்பமாகத் தோன்றலாம். அப்பொழுது அமெரிக்கா பெருமந்தத்தின் பிடியில் இருந்தது. 40,000க்கு மேற்பட்டோர் வேலைசெய்த ஆலையில் 1933ஆம் ஆண்டளவில் எஞ்சியோர் பத்தாயிரத்துக்கும் குறைவு. வேலைநாட்கள் சுருங்கின. 1932 மேயில் வேலையின்மையால் அந்த நோக்கலறையே மூடப்பட்டது. நேர்காணல் திட்டமும் மந்தத்தாற் கைவிடப்பட்டது. ரிலே அறைப் பெண்களும் ஈற்றில் வேலையிழந்தனர். அவ்வாறிருக்க, உள்ள வேலையை நீட்டிப் பலருக்குப் பங்கிட முயன்ற பதினான்கு பேரின் கணிப்பு தருக்கமற்றதா, அல்லது அவ்வறையில் இருந்த எல்லாரினும் நிலைமையைச் சரியாக உணர்ந்தோர் அவர்கள்தானா என்பது கேட்கத்தக்கது. ஆய்வாளரின் கண் கூர்மையானது; குத்தின் வலிமையைக் கூட அது பதிவுசெய்தது. மதிற்சுவருக்கு அப்பால் வாயிலில் நின்ற வேலையற்றோர் நிரையை மட்டும் அது தன் பகுப்பாய்வினுட் சேர்த்துக்கொள்ளவில்லை.

றோத்லிஸ்பேர்கரும் டிக்சனும் 1939இல் வெளியிட்ட பெருநூல் இவையனைத்தையும் தொகுத்தளித்தது. அதன் சிறப்பு யாதெனில், தன் முடிபுகளை மறுப்பதற்கு வேண்டிய சான்றுகளையும் தன்னுள்ளேயே ஒளிக்காமற் கொண்டிருப்பதாகும். கேரியும் அவர்போன்றோரும் பெரும்பாலும் அந்நூலின் எண்களைக் கொண்டே அதனோடு பொருதனர். 1991இல் றிச்சாட் கில்லெஸ்பி ஆலையின் ஆவணங்களை ஆராய்ந்து, அங்கு அறிவு கண்டுபிடிக்கப்பட்டதிலும் பார்க்க உருவாக்கப்பட்டதே மிகுதி எனக் காட்டினார். ‘ஹோதோர்ன் விளைவு’ என்னும் பெயரோ ஆலையில் எவரும் வழங்கியதன்று. 1950களில் உளவியலாளர் இட்டது.

1936இல், மந்தம் சற்றே தணிந்தபோது, நேர்காணல் புதிய வடிவில் மீண்டது. இப்பொழுது அது ஆலோசனைச் சேவை எனப்பட்டது. ஆலோசகர் தளத்திற் சுற்றித்திரிந்து எவரோடும் பேசுவர். கேட்டது எதனையும் வெளியிடார்; அவ்வுறுதி காக்கப்பட்டது. அதே வேளை கேட்டது எதனைக்கொண்டும் எதனையும் மாற்றுதற்கு அவருக்கு அதிகாரமும் இல்லை. 1948இல் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆலோசகர் இருந்தனர். 1951இல் இச்சேவையை ஆராய்ந்த சமூகவியலாளர் வில்லென்ஸ்கி இணையர், தொழிற்சங்கத்துக்குச் செல்லவேண்டிய முறைப்பாடுகளை உரையாடலிற் கரையச் செய்யும் பணியை அது ஆற்றியதெனக் கூறினர். ஆறுதலும் ஒரு நன்மையே. துயருற்றிருந்தோர் பலர் அதனைப் பெற்றிருப்பர். ஆயின் 1956இற் கொம்பனி அச்சேவையை நிறுத்தியபோது அதனைக் காப்பதற்கு ஆலையில் வலிய குரல் எழுந்திலது. அதற்கிடையில் வேலையுலகெங்கும் வேறொரு கருவி பரவத் தொடங்கியிருந்தது. ரென்சிஸ் லிக்கேட் 1932இல் வகுத்த ஐந்து படி அளவுகோல் அது: முற்றாக உடன்படுகின்றேன் முதல் முற்றாக மறுக்கின்றேன் வரை. ஒன்றரை மணி நேரப் பேச்சுக்குப் பதிலாக ஒரு கோடிடல். இன்று நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஊழியருக்கு அனுப்பும் வினாக்கொத்துக்கள் அதன் வழிவந்தனவே.

ஹோதோர்ன் வழி ஒன்றே வழியாக இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரின் பின்னர் இலண்டனின் வடமேற்கே கிளேசியர் மெற்றல் என்னும் கொம்பனியில் நிகழ்ந்த ஆய்வு இவ்விடத்தில் ஒப்புநோக்கற்பாலது. எந்திரங்களுக்கான தாங்கிகளைச் செய்த ஆலை அது. அதன் முகாமைப் பணிப்பாளர் வில்பிரட் பிறவுண் தொழிற்கட்சியைச் சார்ந்தவர். பின்னர் அக்கட்சியின் அரசிற் பணியாற்றியவர். போர்க்காலத்திலேயே தொழிலாளரின் பிரதிநிதிகளும் முகாமையினரும் கூடும் வேலைக்கழகம் ஒன்று அங்கு அமைந்திருந்தது. 1948இல் ரவிஸ்ரொக் நிறுவனத்தின் சார்பில் எலியட் ஜாக்ஸ் என்னும் கனேடியரும் அவர்தம் குழுவினரும் அங்கு சென்றனர். செலவை அரசு ஏற்றது. முகாமை மட்டும் சம்மதித்தாற் போதாது, தொழிலாளர் பிரதிநிதிகளும் சம்மதிக்கவேண்டும் என்பது முதல் நிபந்தனை. எப்பகுதியினரும் தாமே கேட்டாலன்றி ஆய்வாளர் அவரிடம் செல்லார். இங்கு இல்லாத ஒருவரைப் பற்றித் தனியே பேச வருவோரிடம் அப்பேச்சைத் தொடரார். அறிக்கை கழகத்துக்கே சமர்ப்பிக்கப்படும்.

ஆலையின் சேவைப் பிரிவினர் துண்டுவேலைக் கூலியை நீக்கி மணிக்கூலி பெற விரும்பி ஆய்வாளரை அழைத்தனர். தொகை எவ்வளவு என்பதிலே தொடங்கிய பேச்சு, மாதக்கணக்கில் நீண்டு, முகாமையினர்மேல் தொழிலாளருக்கிருந்த அவநம்பிக்கையை வெளிக்கொணர்ந்தது. ஹோதோர்னிலாயின் அவ்வவநம்பிக்கை உணர்ச்சியெனப் பெயர்பெற்று ஓர் அட்டவணையில் அடங்கியிருக்கும். இங்கோ அது மேசைமேல் வைக்கப்பட்டது; இருதரப்பினரும் அதனைப்பற்றித் தம்முள் வாதிட்டனர். முடிவிற் கூலிமுறை மாறியது. பிரிவுக்கெனத் தனிக் கழகமும் அமைந்தது. தாமதமும் சலிப்பும் நிறைந்த வழியே அது. பிறவுணைப் போன்ற பணிப்பாளர் எங்கும் கிடைப்பதில்லை என்பதும், தொழிலாளர் பற்றாக்குறை நிலவிய காலத்தில் அவர்களின் சொல்லுக்கு இயல்பாகவே மதிப்பிருந்தது என்பதும் கணிக்கப்பட வேண்டியவை. கிளேசியரை இலட்சிய உலகமாகக் காட்டுவோர் அவ்விரண்டையும் விட்டுவிடுகின்றனர்.

ஜாக்ஸ் 1951இல் வெளியிட்ட நூலின் பெயரே மாறும் தொழிற்சாலைப் பண்பாட்டைச் சுட்டுவது. ஒரு தொழிற்சாலையிற் பெரும்பாலோர் வழக்கமாகச் சிந்திக்கும் முறையும் செயற்படும் முறையும், புதிதாக வருவோர் கற்றுக்கொண்டாலன்றி அங்கு நிலைக்க முடியாதவையும் அதன் பண்பாடு என அவர் கொண்டார். முனையடுக்கறையின் பதினான்கு பேருக்கும் அவ்வரைவிலக்கணம் பொருந்தும். அவர்கள் அதனைக் குத்துவாங்கிக் கற்றனர். நூலின் பகுதிகள் அவற்றிற் பேசப்பட்டோரின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்கள் உடன்பட்ட பின்னரே அச்சேறின. ஹோதோர்னின் பெருநூலில் ரிலே அறைப் பெண்கள் இலக்கங்களாகவே வருகின்றனர்: முதலாம் வேலையாள், இரண்டாம் வேலையாள் என. தாயை இழந்தவள் இரண்டாம் வேலையாள். நீக்கப்பட்ட இருவருக்கும் இலக்கத்தோடு ஓர் எழுத்தும் சேர்க்கப்பட்டிருந்தது.